ருசியும் தீர்ப்பும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். இந்தப் பழமொழியை நாம் அதன் தகுதிக்கு மேல் நம்புகிறோம். அது சொல்வதுதான் என்ன? அரிசி வெந்ததா, வேகவில்லையா என்பதை ஒரு பருக்கையை நசுக்கித் தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். அந்தச் சோறு யாருக்காகப் பொங்கியது, அவர்களுக்குப் போதுமா, உலை வைத்தவளுக்கு மிஞ்சுமா என்பதையெல்லாம் பருக்கை சொல்லாது. நாமோ பருக்கையைத் தொட்ட கையோடு, பானையைப் பற்றி மட்டுமல்ல, வீட்டைப் பற்றியும் ஊரைப் பற்றியுமே அபிப்பிராயம் சொல்லிவிடுகிறோம்.

இந்த உரிமையை நமக்கு யார் கொடுத்தார்கள்? நியூயார்க் நகரத்தில் சில நாட்கள் கடை கடையாக ஏறி இறங்கிப் பீட்ஸாத் துண்டுகளை ருசி பார்த்துக்கொண்டிருந்தபோது, இந்தக் கேள்வி என்னை விடாமல் தொடர்ந்தது.

அந்த ஊரில் பீட்ஸாவை முழுசாக வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. சுமார் 18 அங்குல அகலமுள்ள வட்டத்தை 8 துண்டுகளாக அறுத்துக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். ஒன்று கேட்டால், அடுப்பில் மறுபடி சுடவைத்துக் காகிதத் தட்டில் தருகிறார்கள். அதை நீளவாட்டில் மடித்து, நின்றபடியே தின்றுவிட்டு நடையைக் கட்டலாம். 1905ல் ஸ்பிரிங் தெருவில் லோம்பார்டி என்ற இத்தாலியர் நடத்திய கடையைத்தான் அமெரிக்கப் பீட்ஸாவின் ஆதி ஸ்தலம் என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். அந்தக் காலத்தில் நிலக்கரி அடுப்பு. பின்னால் வாயு அடுப்பு வந்தது. அதில் சூடு குறைவு, நிதானமாக வேகும், ஆறிப்போனாலும் இரண்டாம் முறை சுடவைக்கத் தாங்கும். துண்டு வியாபாரம் தழைத்தது அதனால்தான். ரயிலுக்கு ஓடுகிறவனுக்கும், சட்டைப் பையில் சில்லறை மட்டுமே உள்ளவனுக்கும் ஏற்ற சாப்பாடு அது. சுரங்க ரயில் கட்டணமும் ஒரு துண்டின் விலையும் கைகோத்துக்கொண்டே ஏறுகின்றன என்று 1980ல் ஒருவர் பத்திரிகைக்கு எழுதினார். ஊரார் அதை வேடிக்கையாக ஒரு பொருளாதார விதியாகவே ஆக்கிவிட்டார்கள்.

என்னை அழைத்துப் போனவன் என் தமக்கை மகன். அங்கே உத்தியோகத்தில் இருக்கிறான். மாவு, சாஸ், பாலாடைக் கட்டி, அடிப்புறத்தின் கருகல் என்று தனித்தனியே மார்க் போட ஒரு பட்டியல் வைத்திருந்தான். ஒவ்வொரு கடையிலும் இரண்டு கடி. மிச்சம் குப்பைத் தொட்டிக்கு.

"முழுசும் சாப்பிட்டுடாதீங்க மாமா. இன்னும் நாலு கடை பாக்கி இருக்கு" என்றான்.

பக்கத்தில் வேலைச் சீருடையோடு ஒரு மனிதர் நின்று தின்றுகொண்டிருந்தார். முகத்தில் களைப்பு. நாலைந்து நிமிஷத்தில், ஓரத்து ரொட்டி விளிம்பையும் விடாமல் தின்று, கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

"அவரைக் கேட்டால் இதற்கு எத்தனை மார்க் போடுவார்?" என்றேன்.

"அவர் தினம் சாப்பிடறவர், மாமா. அவருக்குப் பழகிப் போயிருக்கும். நாலு இடத்தில் தின்னு ஒப்பிட்டுப் பார்த்தால்தானே எது நல்லதுன்னு தெரியும்?"

இதைச் சிறுபிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. ஒப்பிடாதவனுக்குத் தரம் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் ஒப்பிடுகிறவனுக்குத் தெரியாத விஷயங்களும் உண்டு. அதற்கு ஒரு பெரிய மனிதரையே சாட்சிக்கு அழைக்கிறேன்.

பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்ஸாந்தர் டூமா 1835ல் நேப்பிள்ஸுக்குப் போனார். அந்தப் பிரயாணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் பீட்ஸாவுக்கும் இடம் உண்டு. கூர்மையான கண் அவருக்கு. ஏழைகள் தின்னும் அந்தப் பண்டத்தின் விலையைப் பார்த்தே அன்றைய சந்தை நிலவரத்தைச் சொல்லிவிடலாம் என்று கண்டுபிடித்தார். மீன் மலிந்தால் மீன் போட்ட பீட்ஸா மலியும். எண்ணெய் கிராக்கியானால் அதுவும் கிராக்கியாகும். அபாரமான கவனிப்பு! அதே மனிதர், 'எட்டு நாள் பீட்ஸா' என்று ஒன்றை அங்கே கேள்விப்பட்டு, அது ஒரு வாரத்துக்கு முன்பே சுட்டு வைத்த பழைய பண்டம் என்று எழுதிவிட்டார். நேப்பிள்ஸ்காரர்கள் சொன்னது வேறு. இன்றைக்குத் தின்னலாம், எட்டு நாள் கழித்துக் காசு கொடுக்கலாம். அதுதான் எட்டு நாள் பீட்ஸா. 1954ல் விட்டோரியோ டி சிகா எடுத்த 'நேப்பிள்ஸின் தங்கம்' என்ற படத்தில்கூட அந்தக் கடன் வழக்கம் வருகிறது.

யோசித்துப் பாருங்கள். ஏழைக்கு ஏழை வைத்த நம்பிக்கை, விருந்தாளியின் கணக்கில் ஊசிப்போன பண்டமாகிவிட்டது. நாக்கு அவரை ஏமாற்றவில்லை, கண்ணும் ஏமாற்றவில்லை. கடனுக்குத் தின்ன வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஆகையால் அந்த வார்த்தை அவருக்கு அர்த்தமாகவில்லை.

டூமாவைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவருடைய தொழில்தான் என் தொழிலும். ஒரு தெருவில் ஒரு மாலை நேரம், ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் அரை மணி, ரயிலில் எதிர் ஆசனத்துப் பெண் சொன்ன நாலு வார்த்தை — இவற்றை வைத்துக்கொண்டு ஒரு வாழ்க்கையையே எழுதிவிடுகிறோம். நாங்களும் துண்டு தின்கிறவர்கள்தாம். முழு வட்டத்தையும் தின்று தீர்த்துவிட்டுத்தான் எழுத வேண்டுமென்றால், உலகத்தில் ஒரு கதைகூட எழுத முடியாது. ஆகவே ருசி பார்க்கவே கூடாது என்பது நடக்காத தர்மம்.

நடக்காதது மட்டுமல்ல, அது நல்லதும் அல்ல. புரூக்ளினில் டி ஃபாரா என்று ஒரு கடை. 1965ல் அதைத் தொடங்கிய டொமினிக் டிமார்க்கோ 2022ல் காலமானார். நம் திருநீற்றுப் பச்சிலையின் இனமான பேஸில் இலையைச் சுடச் சுட எடுத்த பீட்ஸாவின்மேல் கத்தரிக்கோலால் நறுக்கித் தூவுவார். வேலையை அநேகமாக வேறொருவர் கையில் விடாமல், பல்லாண்டு காலம் தாமே செய்தார். ஜனங்கள் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தச் சிரத்தையை ஊரறியச் சொன்னவர்கள், எங்கெங்கோ இருந்து வந்து ருசி பார்த்தவர்களே. பசி மட்டுமே உலகில் இருந்து, ருசி என்று ஒன்று இல்லாமல் போனால், கைத்திறனைக் கண்டுகொள்ள யார் இருப்பார்கள்? ஆனால் 2009ல் அங்கே ஒரு துண்டு 5 டாலர் ஆயிற்று; அந்த ஆண்டு ரயில் கட்டணம் இரண்டேகால் டாலர். புகழ் வந்தால் விலையும் கூடவே வரும் போலும்.

மறுபுறம் பாருங்கள். 2008ஐ ஒட்டிப் பொருளாதார நெருக்கடி வந்த காலத்தில், ஒரு டாலருக்கு ஒரு துண்டு விற்கும் கடைகள் அதே நகரத்தில் பெருகின. ருசி அறிந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அவர்கள் சொன்னது பொய்யல்ல. பாலாடைக் கட்டி மெல்லிசுதான், மணமும் குறைவுதான். ஆனால் ராத்திரி ஷிப்டு முடித்து, ஒரு டாலரோடு வந்து நின்றவன் வயிறு நிறைந்து போனானே, அதற்கு எந்தப் பட்டியலில் மார்க் போடுவது? விலைவாசி ஏறி, அந்தக் கடைகளில் பலவும் பின்னால் ஒன்றரை டாலர் கேட்கத் தொடங்கியபோது, வருத்தப்பட்டவன் அவன்தான்.

ஆகவே நான் ஒரு வித்தியாசம் செய்துகொள்கிறேன். ருசி பார்த்தவன் சாட்சி, நீதிபதி அல்ல. "நான் தின்றேன், எனக்கு இப்படி இருந்தது" என்று சொல்ல அவனுக்குப் பூரண உரிமை உண்டு. அவன் சொல்லத்தான் வேண்டும். சாட்சி வாய் மூடினால் நியாயம் பிழைக்காது. "இது இவ்வளவுதான்" என்று தீர்ப்பெழுதுவதற்குமுன், இது யாருக்காகச் செய்தது, அவன் எந்த நிலையில் இதைத் தின்கிறான் என்று கேட்க வேண்டும். கேட்கும் பொறுமை இல்லாத நாக்கு எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும், அது அரைச் சாட்சிதான்.

சாட்சிக்கு ஒரு சிறு கடமையும் இருக்கிறது. இரண்டு கடியோடு குப்பையில் போடுகிறவனுக்கு முதல் சூட்டின் ருசி மட்டுமே தெரியும். விளிம்பு எப்படி, ஆறினபின் எப்படி, வயிறு நிறைகிறதா இல்லையா என்பதெல்லாம் கடைசிக் கடி வரைக்கும் போனவனுக்குத்தான் தெரியும். அந்த ஊரில் பட்டியலில் இருந்த எல்லாக் கடைகளுக்கும் நான் போகவில்லை. போன கடைகளில் தட்டில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. எது முதல் இடம் என்று என் மருமகன் கேட்டுக்கொண்டே இருந்தான். சாப்பிட்டவற்றைப் பற்றிச் சொன்னேன்; வரிசைப்படுத்திக் கொடுக்கவில்லை.