மனிதகுலக் கணக்கில் வராத மனிதர்கள்

1946 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மார்ஷல் தீவுக் கூட்டத்தில் உள்ள பிகினியில், தேவாலய வழிபாடு முடிந்ததும் அமெரிக்கக் கடற்படை அதிகாரி பென் வையட் மக்களிடம் பேசினார். இஸ்ரயேல் மக்களைக் கடவுள் காப்பாற்றி அழைத்துச் சென்ற கதையை நினைவூட்டினார். மனிதகுல நன்மைக்காகவும், உலகப் போர்களுக்கெல்லாம் முடிவு கட்டவும் உங்கள் தீவைக் கொஞ்ச காலம் விட்டுத்தர முடியுமா என்று கேட்டார். எல்லாம் கடவுள் கையில் இருக்கிறது என்றார் ஊர்த்தலைவர் ஜூடா.

அந்தப் பதிலைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அணுகுண்டுச் சோதனைக்குப் பிகினிதான் இடம் என்று வாஷிங்டன் ஜனவரியிலேயே முடிவு செய்திருந்தது. முடிவெடுத்த பிறகு, கடற்படையை நிறுத்திவைத்துக்கொண்டு, வேதத்தைத் துணைக்கு அழைத்துக் கேட்பது கேள்வியே அல்ல. 167 பேர் ரோங்கரிக் தீவில் இறக்கிவிடப்பட்டார்கள். அங்கே போதிய உணவில்லாமல் பட்டினி கிடந்தார்கள்.

கடவுளைக் காட்டி ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் பகுத்தறிவு பேசும் நாம் நகர்ந்துவிட முடியாது. அடுத்து நடந்ததில் கடவுளுக்கு வேலையே இல்லை. அதைச் செய்தவர்கள் படித்தவர்கள், கருவிகளோடு வந்தவர்கள்.

1954 மார்ச் 1 அன்று பிகினியில் வெடித்த ‘பிராவோ’ என்ற அணுகுண்டு, ஹிரோஷிமா குண்டைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வலிமை கொண்டது. வடிவமைத்தவர்களின் கணிப்பையே இரண்டு மடங்குக்கு மேல் தாண்டியது. கிழக்கே ரோங்கெலாப் தீவில் வெண்சாம்பல் கொட்டியது. குழந்தைகள் அதில் விளையாடினார்கள். பிறகு வாந்தி, தோலில் புண், கொத்துக் கொத்தாக முடி உதிர்வு. இன்னும் தள்ளியிருந்த ரோங்கரிக்கில் அப்போது 28 அமெரிக்கப் படைவீரர்கள் இருந்தார்கள். அவர்களை மறுநாளே மீட்டார்கள். ரோங்கெலாப் மக்களுக்குக் கப்பல் வந்தது அதற்கு அடுத்த நாள்.

1957இல் அந்த மக்களைத் திரும்பவும் ரோங்கெலாபில் குடியேற்றினார்கள். தீவு தூய்மையாகிவிட்டதா? முந்தைய ஆண்டுதான் அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் கூட்டமொன்றில் மெரில் ஐசன்பட் என்ற அதிகாரி, இதே சாம்பல் விழுந்த, இன்னும் தள்ளியிருந்த உட்ரிக் தீவையே உலகில் மிகவும் மாசுபட்ட இடம் என்றார். அங்கே மனிதர்கள் வாழ்ந்தால் உடலில் கதிரியக்கம் எவ்வளவு சேரும் என்று அளக்கலாம் என்றார். இவர்கள் நாகரிக மனிதர்களைப்போல் வாழாவிட்டாலும் எலிகளைவிட நமக்கு நெருக்கமானவர்கள் என்றும் சொன்னார். ரோங்கெலாபுக்கு ஆண்டுதோறும் மருத்துவர்கள் வந்து இரத்தமும் சிறுநீரும் எடுத்துப் போனார்கள். சாம்பலில் விளையாடிய பிள்ளைகளுக்குப் பின்னாளில் தைராய்டு கட்டிகள் வந்தன. 1985இல் கிரீன்பீஸ் கப்பலில் ஏறி அம்மக்கள் தாங்களாகவே தீவைவிட்டு வெளியேறினார்கள்.

சிலரின் துன்பத்தால் பலர் போரிலிருந்து தப்பினார்கள் என்று வாதிடுவோர் உண்டு. அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: அந்தச் சிலரை யார் தேர்ந்தெடுத்தார்கள்? மற்ற சோதனைக் களங்களையும் பாருங்கள்: நெவாடாவில் மேற்கு ஷோஷோனி மக்களின் மண், மராலிங்காவில் ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் மண், செமிபலாட்டின்ஸ்கில் கசாக் மக்களின் புல்வெளி, மொருரோவாவில் பொலினீசியர்களின் கடல். உத்தரவிட்டவர்களின் வீட்டு வாசலில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. விலையை எப்போதும் வேறொருவர் தலையில் கட்டும் கணக்கைப் பகுத்தறிவு என்று எப்படி ஏற்பது?

மார்ஷல் மக்கள் விதியே என்று இருந்துவிடவில்லை. 1954இலேயே சோதனைகளை நிறுத்துங்கள் என்று ஐ.நா.வுக்கு மனு கொடுத்தார்கள். அவர்களுடைய மண் அப்போது ஐ.நா. அமெரிக்காவிடம் பொறுப்பாக ஒப்படைத்திருந்த பகுதி. ஆனாலும் 1958 வரை வெடிப்புகள் தொடர்ந்தன, மொத்தம் 67. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் 200 கோடி டாலருக்கு மேல் வழங்கச் சொன்னது. அமெரிக்கா ஒப்புக்கொண்டு கொடுத்த நிதியோ 15 கோடி. மார்ஷல் தீவுகளிலேயே உள்ள எனிவெடாக்கின் ருனிட் தீவில், வெடித்த பள்ளத்திலேயே கதிரியக்கக் கழிவைக் கொட்டி மேலே கான்கிரீட் மூடி போட்டார்கள். அடியில் தளம் போடவில்லை. கடல்மட்டம் உயர்ந்துகொண்டிருக்கிறது.

2014இல் மார்ஷல் தீவுகள் என்ற அந்தச் சின்ன நாடு அணு ஆயுத நாடுகள் ஒன்பதின்மீதும் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. தனக்கு இழப்பீடு கேட்டு அல்ல, ஆயுதக் குறைப்புப் பேச்சை உண்மையாக நடத்துங்கள் என்று கேட்டு. வழக்கு நகர்ந்தது மூன்று நாடுகள்மீது மட்டும். அவற்றில் ஒன்று இந்தியா. பிராவோ வெடித்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் சோதனைகளை நிறுத்தச் சொன்ன நேருவின் இந்தியா. இந்த வழக்கை விசாரிக்க உங்களுக்கு அதிகாரமில்லை என்று நீதிமன்றத்திடம் நம் அரசு வாதிட்டது. 2016இல் வழக்கு தள்ளுபடியானது. அந்த வாதம் உங்கள் பெயராலும் என் பெயராலும் வைக்கப்பட்டது. அது தவறு என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.