பிள்ளைகள் கேட்கும்போது



இன்று நாம் கேட்ட யோசுவா நூல் 4ஆம் அதிகாரத்தில், யோர்தானைக் கடந்த மக்கள் ஆற்றின் நடுவிலிருந்து 12 கற்களை எடுத்துவந்து கில்காலில் நாட்டுகிறார்கள். யோசுவா அதோடு விட்டுவிடவில்லை. பின்னாளில் பிள்ளைகள் இவை என்ன என்று கேட்பார்கள், நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும் என்கிறார். சொல்ல ஆளில்லாவிட்டால் அவை வெறும் ஆற்றுக்கற்கள்தான்.

நமக்கும் ஒரு கில்கால் உண்டு. கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீக்கொக் தோட்டத்துப் பழைய லயத்தைக் கண்டி சமூக அபிவிருத்தி நிறுவகத்தார் 2007இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஆக்கினார்கள். ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போனால் பழைய இயந்திரங்களையும், 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்களையும் காணலாம். கம்பளையில் இருப்பவையோ நம் பாட்டன் பாட்டி புழங்கிய சாமான்கள்.

இப்படியோர் இடத்தில் நம் பிள்ளை ஒரு தப்பைப் பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் எழுதியிருப்பதை வாசித்தால் அது தோல்வாத்தியம் என்று தெரியும். இருட்டோடு அந்தச் சத்தம் கேட்டதும் பாட்டி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்துக்கு ஓடியதை யார் சொல்வது? கொழுந்து நிறை குறைந்தால் அரைநாள் கூலியாக அரைப் பேர் போட்டதை, அதே தப்பு காமன்கூத்திலும் இழவு வீட்டிலும் ஒலித்ததை யார் சொல்வது? பக்கத்தில் நின்று, கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லும் ஒருவர் வேண்டும். உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் சம்பளம் வாங்காத தொண்டர்கள் இதைச் செய்கிறார்கள். அவர்களை அழைத்துக் கௌரவிக்கும் வழக்கமும் அங்கே உண்டு. அறியாதவருக்குக் கற்பிப்பதைத் திருச்சபையும் ஆன்மீக இரக்கச் செயல்கள் ஏழில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. நோயாளியைப் பார்க்கப் போகிறவரை மதிக்கிறோம்; இவர்களையும் அப்படியே மதிக்க வேண்டும்.

2023இல், நம் முன்னோர் மலையகத்துக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைத்து, நம் மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். அன்று முன்னோர் வந்த அந்த வழியில் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. அவர்களைப் பற்றிப் பேச நம் வாய் மட்டும்தான் இருக்கிறது.

ஆகவே உடப்புசல்லாவை மக்களே, உங்களிடம் மூன்று காரியம் கேட்கிறேன். பிள்ளைகளை ஒருமுறை கம்பளைக்குக் கூட்டிப்போங்கள். அங்கே விளக்கிச் சொல்பவருக்கு நன்றி சொல்லாமல் திரும்பாதீர்கள். நம் தோட்டத்துப் பெரியவர்களே, கவ்வாத்துக் கத்தியையும் கொழுந்துக் கூடையையும் எடுத்து வைத்து, இந்த ஞாயிறே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்குங்கள். ஆமென்.