அபயம் அளித்த அறிஞர்

பிறந்தவர் இறப்பர் என்பதை அறியாதார் இலர். ஆயினும், நற்குணம் நிறைந்த ஒருவர் நடுவயதில் மறையும்போது, அறிந்த அவ்வுண்மை நமக்கு ஆறுதல் தருவதில்லை. "இன்னும் சில காலம் இருந்திருக்கலாகாதா?" என்று நெஞ்சம் ஏங்குகிறது. நல்லோர் விரைந்து மறையவும் அல்லாதோர் நெடிது வாழவும் காணுங்கால், அவ்வேக்கம் அறத்தின்மீதே ஐயமாக வளர்ந்துவிடுவதும் உண்டு.

நாலடியார் தன் முதல் மூன்று அதிகாரங்களையும் நிலையாமைக்கே அளித்திருக்கிறது. செல்வம், இளமை, யாக்கை ஆகிய மூன்றும் நில்லா என்பதை முதலில் உணர்த்திவிட்டுப் பின்னரே அது அறம் கூறுகிறது. எண்வினைகளுள் ஆயுவினை என ஒன்று உண்டு என்பதையும் நாம் அறிவோம். அவ்வினை ஒரு பிறவியின் கால அளவை வரையறுக்கும். அக்காலத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்பதோ நம் முயற்சியைப் பொறுத்தது. எனவே, குறைந்த ஆயுளில் மறைந்தவர் குறைபட்ட வாழ்வு வாழ்ந்தவர்தாமா என்னும் வினாவை, உடன் பணியாற்றியோர் நெஞ்சில் நிலைத்த ஒரு விஞ்ஞானியின் வாழ்வைக் கொண்டு ஆராய்வோம்.

டாக்டர் விக்ரம் சாராபாய் 1919 ஆகஸ்ட் 12 அன்று அகமதாபாத்தில், சமணக் குடும்பமொன்றில் பிறந்தார். அவர் நம் சமயத்தாரின் குடியில் தோன்றினார் என்று பெருமை பேசுவது நம் நோக்கமன்று. குலத்தால் செருக்குறுவது எண்வகை மதங்களுள் ஒன்று என நம் ஆசிரியர்கள் விலக்கியிருக்கின்றனர். அவருடைய செயலையே இங்கு நோக்குவோம்.

பெங்களூரில் சர் சி. வி. இராமனின் வழிகாட்டுதலில் அண்டக் கதிர்களை ஆராய்ந்த அவர், கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்று, 1947 நவம்பரில் அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைத் தோற்றுவித்தார். 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் சிற்றூரிலிருந்து நம் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் அவர் முயற்சியால் விண்ணில் ஏறியது. 1969-இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாயிற்று. 1971 டிசம்பர் 30 அன்று கோவளத்தில் அவர் மறைந்தபோது வயது 52. நம் நாட்டின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டா விண்ணை அடைந்ததோ 1975-இல்தான். விதைத்தவர் விளைச்சலைக் காணாமலே சென்றார்.

அவருடன் பணியாற்றியோர் அவரை நினைவுகூரும்போது, அவருடைய அறிவைப் போற்றுகின்ற அளவுக்கு அவருடைய பண்பையும் போற்றுகின்றனர். இராமேசுவரத்தில் பிறந்து, அந்நாளில் தும்பாவில் இளம் பொறியாளராக இருந்த டாக்டர் அப்துல் கலாம், தம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். ராக்கெட்டின் கூம்பு வடிவ முன்பகுதியைக் குறித்த நேரத்தில் கழற்றிவிடும் கருவியைச் சாராபாய் இயக்கிப் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தனர். அவர் பொத்தானை அழுத்தினார், ஒன்றும் நிகழவில்லை. இளைஞர்கள் திகைத்தனர். நேரத்தைக் கணிக்கும் மின்சுற்றில் பழுது என்று உணர்ந்து, அதனை அகற்றி நேரடியாக இணைத்தனர். இரண்டாம் முறை கருவி இயங்கிற்று.

சாராபாய் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை, பாராட்டினார். ஆயினும் அவர் முகத்தில் சிந்தனை படர்ந்திருந்தது. அன்றிரவு அவர்களை அழைத்து உடனிருத்தி, குறை எங்கே நேர்ந்தது என்று பின்னிரவு வரை கலந்து பேசினார். பணிகள் ஒரே கூரையின்கீழ் ஒருங்கிணைக்கப்படாமையே காரணம் என்று தெளிந்தார். ராக்கெட் பொறியியலுக்கெனத் தனிப்பிரிவு ஒன்றை அமைக்க அப்போதே முடிவு செய்தார்.

"பிழை செய்தாரைப் பொறுத்துக்கொண்டே சென்றால் பணி கெடாதா? தலைமைக்குக் கண்டிப்பன்றோ அழகு?" என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. ஆனால், அங்கு நிகழ்ந்ததை உற்றுநோக்குக. அவர் பிழையை மறைக்கவுமில்லை, மறக்கவுமில்லை. சினம் குற்றம் செய்தவனைத் தேடும். அருள் குற்றத்தின் காரணத்தைத் தேடும். தண்டனைக்கு அஞ்சுகிறவன் அடுத்த முறை பிழையை மறைக்கக் கற்றுக்கொள்கிறான்; அச்சம் நீங்கியவனோ தானே அதனை எடுத்துரைக்கிறான். எனவே, அருளுடைமை பணிக்கு இடையூறன்று. உண்மை வெளிப்படுவதற்கு அதுவே வழியாகும்.

ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் எனத் தானங்களை நான்காக வகுத்தனர் நம் முன்னோர். அவற்றுள் அபயதானம் என்பதனை, உயிர்க்கொலையினின்று காத்தல் என்ற அளவிலேயே நாம் பெரும்பாலும் பொருள் கொள்கிறோம். கொல்லாமை அதன் தலையாய பொருளே. ஆயினும், தனக்குக் கீழ்ப்பட்டவனின் உள்ளத்திலிருந்து அச்சத்தை அகற்றுவதும் அத்தானத்தின்பாற் படும் எனக் கொள்வது பொருந்தும். உண்ட உணவு அன்றைய பசியை ஆற்றும். பெற்ற அபயமோ, பெற்றவர் பிறருக்கு அளிக்க அளிக்கப் பெருகும்.

சாராபாய் மறைந்த நாளில், தொலைபேசியில் அவருடன் பேசிவிட்டு அவரைச் சந்திக்கும் ஆவலுடன் திருவனந்தபுரத்தில் வந்திறங்கிய கலாம், அவர் மறைந்தார் என்ற செய்தியையே கேட்டார். அத்துயரத்தால் பணி நின்றுவிடவில்லை. 1979 ஆகஸ்ட் 10 அன்று கலாம் தலைமையில் ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 கடலில் வீழ்ந்தது. அந்நாளில் நிறுவனத் தலைவராயிருந்த பேராசிரியர் சதீஷ் தவான், செய்தியாளர்முன் தாமே அமர்ந்து தோல்விக்குப் பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிட்டியபோதோ கலாமையே பேசச் செய்தார். இதனைக் கலாம் தம் வாழ்நாள் முழுதும் மாணவர்களிடம் எடுத்துரைத்து வந்தார்.

2019 செப்டம்பரில் நிலவை நோக்கி இறங்கிய கலம் 'விக்ரம்' என்னும் அவர் பெயரையே தாங்கியிருந்தது. அது தரையில் மோதிச் சிதைந்தது. தோல்வியுற்றதென்று அப்பெயரை எவரும் மாற்றவில்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று, அதே பெயர் தாங்கிய மற்றொரு கலம் நிலவின் தென்துருவப் பகுதிக்கருகே மெல்ல இறங்கிற்று. அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தைச் சார்ந்தவர். சாராபாய் மறைந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னும் அவர் தொடங்கிய பணி நடைபெறுகிறது எனில், அவ்வாழ்வை 52 ஆண்டுகளோடு முடிந்ததென எங்ஙனம் கூறுவது?

ஆயுளை நீட்டித்துக்கொள்வது நம் கையில் இல்லை. அச்சத்தை அகற்றுவது நம் கையில் உண்டு. தேர்வில் தவறிய பிள்ளை இல்லம் திரும்ப அஞ்சுகிறதா? கணக்கில் பிழை செய்த பணியாளர் முதலாளியின் முகம் காண நடுங்குகிறாரா? கைதவறிப் பாத்திரத்தை உடைத்த மருமகள் மறைவில் கண்ணீர் விடுகிறாளா? பிறர் குறை காணுமுன் இவ்வினாக்களை நாம் நம்மிடமே கேட்டுக்கொள்வோமாக. எறும்புக்கும் தீங்கு நேராவண்ணம் பார்த்து நடக்கும் நம் இல்லங்களில், மனிதர் அஞ்சி வாழ்தல் தகுமோ? அருகில் இருப்பவர்க்கு அபயம் அளித்து வாழும் வாழ்வு, ஆண்டுகளால் குறையினும் பயனால் குறைவதில்லை.