கூடவே போன கரடிப் பொம்மை

(திருக்குடும்ப விழா மறையுரை)



யோசேப்பு கனவிலிருந்து விழித்தார். பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு அன்றிரவே எகிப்துக்குப் புறப்பட்டார். மத்தேயு இவ்வளவுதான் எழுதுகிறார். வீட்டிலிருந்து எதை எடுத்தார்கள், எதை விட்டுப் போனார்கள் என்று ஒரு சொல்கூட இல்லை. ஆனால் ஊரைவிட்டு ஓடிவந்த எந்தக் குடும்பத்தோடும் உட்கார்ந்து பேசிப் பாருங்கள், முதலில் அதைத்தான் சொல்வார்கள். பெரியவர்களின் கை பத்திரத்தையும் நகையையும் தேடும். பிள்ளைகளின் கை தேடுவது வேறு.

இன்று நான் உங்களுக்குச் சொல்லப்போவது ஒரு கரடிப் பொம்மையின் பயணம். பலிபீடத்துக்கு அருகில் நின்று பொம்மையைப் பற்றிப் பேசலாமா என்று யாருக்காவது தோன்றினால், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். ஏரோது அரசனுக்குப் பயந்து இரவோடு இரவாக ஓடிய குடும்பத்தை எனக்கு இவ்வளவு நெருக்கமாகக் காட்டிய கதை வேறில்லை.

இன்று உக்ரைனில் இருக்கிற லிவிவ் நகரம் அன்று போலந்தில் இருந்தது. 1937இல் அங்கே ஒரு யூதக் குடும்பத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. 1941இல் ஜெர்மானியப் படை நகரைப் பிடித்தது. யூதர்களை ஒரு பகுதிக்குள் அடைத்தார்கள், கொன்றார்கள். குழந்தையின் தகப்பனாரும் கொல்லப்பட்டார். தாய் எப்படியோ கத்தோலிக்கர் என்று காட்டும் போலிச் சான்றுகளைப் பெற்றார். 1942இல் மகளோடு அங்கிருந்து தப்பி, வேறு ஊரில், வேறு பெயரில் வாழத் தொடங்கினார்.

அந்தத் தாயை நினைத்துப் பாருங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புதுப் பெயரைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பழைய பெயரை மறக்க வைக்க வேண்டும். நம் கத்தோலிக்கச் செபங்களை மனப்பாடமாக ஒப்பிக்கப் பழக்க வேண்டும். தெருவில் யாராவது நிறுத்திக் கேட்கும்போது பிள்ளையின் நாக்கு ஒரு முறை தவறினாலும் இருவருக்கும் சாவுதான். பிள்ளையும் நன்றாகவே படித்துக்கொண்டாள். எவ்வளவு நன்றாக என்றால், தான் யூதப் பெண் என்பதே அவள் நினைவிலிருந்து போய்விட்டது. பெயர் போனது, அப்பா போனார், பிறந்த வீடு போனது. மறைந்து வாழ்ந்த அந்த ஆண்டுகளில் அவளிடம் இருந்த சில விளையாட்டுச் சாமான்களில் ஒன்று சின்னஞ்சிறு கரடிப் பொம்மை. அது மட்டும் அவளோடு நிலைத்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. அந்தக் குழந்தையின் உயிரைக் காத்தவை நாம் தினமும் சொல்லும் செபங்கள். அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்வோம். ஆனால் அதே செபங்களைச் சொன்ன மக்களிடையே யூதர்கள் மீதான வெறுப்பும் பல நூற்றாண்டுகளாக வேரோடி இருந்தது. 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை யூதர்களுக்கு எதிரான வெறுப்பை, அது எந்தக் காலத்தில் யாரிடமிருந்து வந்தாலும் சரி, தெளிவாகக் கண்டித்தது. இன்று நாம் விழா எடுக்கும் திருக்குடும்பம் ஒரு யூதக் குடும்பம். இதை நம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

போர் முடிந்தது. 1948இல் தாயும் மகளும் இலண்டனுக்குப் போனார்கள். கரடியும் போனது. அங்கேதான் தாய் மகளிடம் உண்மையைச் சொன்னார். அதுவரை தன்னைக் கத்தோலிக்கப் பெண் என்றே நம்பியிருந்த சிறுமிக்கு அது எப்படிப்பட்ட நாளாக இருந்திருக்கும்! தன் கரடிக்கு அவள் வைத்த பெயர் 'அகதி'. தானும் அகதி, அதுவும் அகதி. வளர்ந்தபின் அந்த மகள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, நியூயார்க்கில் புற்றுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரானார். கரடியை வாஷிங்டனில் உள்ள அமெரிக்க ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

பயணம் அதோடு நின்றுவிடவில்லை. 2006 டிசம்பர் 9 அன்று டிஸ்கவரி விண்கலம் புறப்பட்டது. நாம் எல்லோரும் அறிந்த சுனிதா வில்லியம்ஸ் முதன்முறையாக விண்வெளிக்குப் போனதும் அதில்தான். அந்தக் கலத்தின் தலைவர் மார்க் போலன்ஸ்கி. அவருடைய தந்தை யூதர். விண்வெளி வீரர்கள் சொந்தப் பொருளாக எடுத்துச்செல்ல மிகக் கொஞ்சமே அனுமதி உண்டு. அந்தக் கொஞ்சத்தில் 'அகதி'யைப் போலவே செய்யப்பட்ட ஒரு கரடிக்கு அவர் இடம் கொடுத்தார். கூடவே, சூடானின் டார்ஃபூர் பகுதியில் அன்று நடந்துகொண்டிருந்த படுகொலைக்குத் தப்பிய ஒரு குழந்தையின் படத்தையும் எடுத்துச் சென்றார். கலம் ஏறக்குறைய 13 நாள் பூமியைச் சுற்றிவிட்டு, கிறிஸ்மசுக்கு மூன்று நாள் முன்பு தரையிறங்கியது. லிவிவ், இலண்டன், நியூயார்க், டார்ஃபூர் எல்லாமே அந்தப் பாதைக்குள் அடங்கும் இடங்கள்.

அறுபது ஆண்டுக்கு முந்தைய பொம்மையின் நகலையும் அன்றைய அகதிப் பிள்ளையின் படத்தையும் அவர் ஒன்றாக எடுத்துச் சென்றது எனக்குப் பெரிய செயலாகப் படுகிறது. கடந்த காலத்துக்காக அழுவது எளிது. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்ப்பது கடினம்.

அன்பானவர்களே, குழந்தைக்குப் பொம்மை எதற்காக? அது யாரையும் காப்பாற்றாது. சோறு போடாது, எல்லையைத் தாண்ட அனுமதிச் சீட்டும் தராது. ஆனால் இருட்டில், தெரியாத ஊரில், பிள்ளை கேட்பது ஒன்றே ஒன்றுதான்: என்னோடு யார் வருகிறார்கள்? அந்தக் கேள்விக்குப் பொம்மை பதிலாக இருக்கிறது.

கடவுள் தரும் பதிலும் அதுதான். தாவீது ஆண்டவருக்குக் கோவில் கட்ட ஆசைப்பட்டபோது, இறைவாக்கினர் நாத்தான் வழியாக வந்த பதிலை நினைத்துக்கொள்ளுங்கள். எகிப்திலிருந்து உங்களை அழைத்துவந்த நாளிலிருந்து நான் கூடாரத்தில்தானே உங்களோடு அலைந்தேன், எனக்கு வீடு கட்டு என்று யாரிடமாவது கேட்டேனா என்ற பொருளில் ஆண்டவர் பேசுகிறார். நம் கடவுள் கூடவே நடக்கும் கடவுள். பெத்லகேமில் பிறந்தவருக்கு இம்மானுவேல், அதாவது 'கடவுள் நம்மோடு', என்று பெயர். அவர் எகிப்தின் எல்லையில் நின்றுகொண்டு வாருங்கள் என்று அழைக்கவில்லை. ஓடுகிறவர்களின் கைகளில், துணிச்சுற்றுக்குள், தாமும் தேடப்படும் பிள்ளையாகவே அந்தப் பாதை முழுவதும் போனார்.

இது எங்கோ நடக்கிற கதை என்று நாம் வீட்டுக்குப் போய்விட முடியாது. 1983 முதல் இலங்கையிலிருந்து படகில் இராமேசுவரம் கரைக்கு வந்தவர்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். தமிழ்நாட்டில் இன்றும் நூறு முகாம்களுக்கு மேல் இருக்கின்றன. 2021இல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள், நல்லதுதான். ஆனாலும் அங்கேயே பிறந்து, அங்கேயே வளர்ந்து, எந்த நாட்டுக் குடியுரிமையும் கையில் இல்லாத இளைஞர்கள் இருக்கிறார்கள். நம் ஊர்களில் கட்டட வேலைக்கும் பனியன் கம்பெனிக்கும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்திருப்பவர்களில் கத்தோலிக்கரும் உண்டு. தகரக் கொட்டகையில் வளரும் அவர்களுடைய பிள்ளைகளின் பெயர் நமக்குத் தெரியுமா?

இயேசு சபையின் அன்றைய தலைவர் அருள்தந்தை பேத்ரோ அருப்பே 1980இல் இயேசு சபை அகதிகள் பணியைத் தொடங்கினார். தமிழ்நாட்டு முகாம்களிலும் அது பணி செய்கிறது. அதன் பணிகளில் முதலில் சொல்லப்படுவது உடன் நடப்பது. உதவி செய்வதும் உரிமைக்காகப் பேசுவதும் அதற்குப் பிறகுதான். நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். கிறிஸ்மஸ் வந்தால் கேக்கும் போர்வையும் கொடுக்கிறோம், ஒரு படம் எடுக்கிறோம், திரும்பிவிடுகிறோம். அடுத்த கிறிஸ்மஸ் வரை அவர்கள் யாரோ, நாம் யாரோ.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரம் உங்கள் அன்பியக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். ஒவ்வோர் அன்பியமும் அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தையாவது தேடிப் போகட்டும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகும் நாளில் கூடப் போங்கள். அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்க வரிசையில் கூட நில்லுங்கள். தாலுகா அலுவலகத்தில் மொழி தெரியாமல் திகைக்கும்போது பக்கத்தில் இருங்கள். உங்கள் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள், அவர்கள் ஒன்றாக விளையாடட்டும். சனவரி முடிவதற்குள் தொடங்கிவிடுங்கள்.