உடைமையும் பேணலும்

ஒரு பொருளை 'எனது' என்று சொல்லும் உரிமை நமக்கு எதனால் வருகின்றது? விலை கொடுத்ததனாலா, பதிவுச் சான்றில் பெயர் இருப்பதனாலா? கோப்புகளிடையே நாளைக் கழிக்கும் நம்மைப் போன்றோர்க்கு இரண்டாவது விடையே உடன் தோன்றும். சான்றில் பெயர் உள்ளவன் உரிமையாளன். மேற்கொண்டு குறிப்பெழுத என்ன இருக்கின்றது? ஆயினும், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை நெடுநாள் வைத்து ஓட்டுபவர்களை உற்று நோக்கின், விடை அத்துணை எளிதன்று என்பது புலனாகும்.

புதிய வண்டிக்கு ஒரு பொத்தான் போதும். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட புல்லட் அவ்வாறு எழுவதில்லை. சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்ப்மீட்டர் முள் நடுவில் வந்து நிற்பதைக் காண வேண்டும். பின்னர் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் சிறிது தள்ள வேண்டும். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அதன்பின் ஒரே மிதி. அவசரப்பட்டவனைக் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் ஒரு வாரம் நினைவூட்டிக்கொண்டிருக்கும். கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில் என்பதால், இக்கால வண்டிகளில் பழகிய பிள்ளைகள் நிறுத்த எண்ணிக் கியரை மிதித்துவிடுவர். ஜாவாவிலோ கியர் போடும் தண்டே மேல்நோக்கித் திரும்பிக் கிக்கராகிவிடும். அறியாதவன் கிக்கரைத் தேடிக் குனிந்து நிற்பதைக் காண்பதும் ஓர் இன்பமே!

இத்தனை தொல்லையில் இன்பம் எங்குள்ளது? வேகத்தில் இல்லை, இன்றைய சிறு வண்டியும் இவற்றை முந்திச் செல்லும். சிக்கனத்திலும் இல்லை. அவ்வண்டி நம் முழுக் கவனத்தையும் கேட்கின்றது; கவனம் கொடுத்தவனுக்கு மட்டுமே கட்டுப்படுகின்றது. மணிக்கு 50 கிலோமீட்டரில் செல்லும்போது ஒற்றைச் சிலிண்டரின் துடிப்பில் ஓர் அடி பிசகினாலும் ஓட்டுபவன் செவி அதனை அறியும். பிளக்கில் கரி படிந்ததா, டாப்பெட் தளர்ந்ததா என்று வீடு சேருமுன் தீர்மானித்திருப்பான். நாள் முழுதும் எதிலும் முழு மனம் வையாமல் கழிக்க நேரும் வாழ்வில், இது சிறிய பேறு அன்று.

ஆனால் அவன் காத்து நிற்பது எந்தப் பொருளை? பிஸ்டன் மாற்றியாயிற்று, வளையங்கள் இருமுறை மாற்றியாயிற்று, கரோல்பாக் கடைத்தெருவில் பெட்ரோல் டாங்க் புதிய வர்ணம் பெற்றது, இருக்கையும் சக்கரக் கம்பிகளும் நேற்று வந்தவை. பழைய வண்டி இன்னும் எஞ்சியுள்ளதா? சட்டத்துக்கு எஞ்சின் எண்ணும் அடிச்சட்ட எண்ணும் போதும். நமக்கு அவை போதா. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு வந்த கவனிப்புத்தான் அங்கே தொடர்வது என்று நாம் கருதுகின்றோம்.

வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துப் புல்லட், நம் தரைப்படையின் தேவையை ஒட்டி இந்நாட்டிற்கு வந்தது. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. பின்னர் தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மூடுண்டது. திருவொற்றியூரில் மட்டும் வண்டி தொடர்ந்து பிறந்தது. (கரோல்பாக்கில் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். புல்லட் பஞ்சாபில் பிறந்தது என்பது அவர்கள் துணிபு. புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளைப் பற்றியும் இவ்வாறே பேசப்படுவதால் நாம் மறுப்பதில்லை.) மைசூரில் 1961இல் ஜாவா உற்பத்தி தொடங்கியது, 1973 முதல் அது யெஸ்டி எனப் பெயர் பெற்றது, 1996இல் ஆலை மூடப்பட்டது. 2018இல் ஜாவா என்ற பெயரும் 2022இல் யெஸ்டி என்ற பெயரும் புதிய வண்டிகளில் மீண்டன. இடைப்பட்ட இருபது ஆண்டுகளுக்கு மேலாக, செய்தவன் கைவிட்ட வண்டிகளை ஓடவைத்தவர் யார்? பெயர் தெரியாத மெக்கானிக்குகளும், ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணெய்க் கையோடு கழித்தவர்களுமே.

இம்மட்டோடு நிறுத்தினால் கட்டுரை இனிதாக முடியும். ஆனால் நாம் வாழ்வது தில்லி. கார்த்திகை மாதத்து விடியலில் எதிர்வீடு தெரியாத நாள்கள் உண்டு. நம் குழந்தைகள் இருமிக்கொண்டே பள்ளிக்குச் செல்வர். 15 ஆண்டு கடந்த வண்டிகள் இங்கே ஓடலாகாது எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2018இல் அதற்கு வலுவூட்டியது. அதன் பின்னரும் வழக்குகள் ஓயவில்லை. 2021இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தமோ, 50 ஆண்டு கடந்தவற்றுக்குத் தனிப் பதிவு தந்து, கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டலாம், அன்றாடத்திற்கு ஆகாது என்றது.

'ஊரெங்கும் லாரியும் ஆலையும் புகைக்க, என் ஒரு வண்டியாலா காற்று கெட்டது?' என்று அன்பர்கள் கேட்பதுண்டு. கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆயினும் வாதம் சரியன்று. நம் கவனிப்பு வண்டிக்கு உரியது. அதன் புகை பிறர் மூச்சுக்குப் போகின்றது. எண்ணெய் கலந்த பெட்ரோலை எரிக்கும் ராஜ்தூத், ஜாவா போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகளின் நீலப்புகையை, அவற்றை எத்துணை நேசிப்பினும், மணம் என்று சொல்லிவிட முடியுமா? பேணுதல் என்னும் சொல்லுக்குள் அண்டை வீட்டுக் குழந்தையின் நெஞ்சும் அடங்க வேண்டாமா? நாம் அலுவலகத்திற்கு மெட்ரோவில்தான் செல்கின்றோம். புதிய வண்டியை ஐந்தாண்டுக்கொரு முறை மாற்றுபவனும் தூயவன் அல்லன். இரும்பை உருக்கும் உலையும் எங்கோ புகைக்கத்தானே செய்கின்றது? அது அவனுடைய வழக்கு. அதைக் காட்டி நம் வழக்கை வெல்லலாகாது.

சங்கத்து அன்பர் ஒருவரிடம் அவர் தந்தையார் ஓட்டிய ராஜ்தூத் உள்ளது. தடையின்மைச் சான்று பெற்று விழுப்புரத்துக்கு அனுப்பிவிடுமாறு பலரும் அறிவுரை கூறினர். அங்கே கேட்பார் இல்லையாம். 'தில்லிப் பிள்ளைகளுக்கு ஆகாத புகை என் தங்கை பிள்ளைகளுக்கு மட்டும் ஆகுமா சார்?' என்றார் அவர். விற்கவும் மனமில்லை. வீட்டு வராந்தாவில், பெட்ரோல் வடித்த நிலையில், பழைய போர்வை மூடி அது நிற்கின்றது. பிஸ்டன் இறுகிவிடாமலிருக்க, பிளக்கைக் கழற்றிச் சில துளி எண்ணெய் விட்டு, ஞாயிறுதோறும் கையாலேயே கிக்கரை அழுத்திச் சுழற்றுகின்றார். பன்னிரண்டு வயது மகன் துணியோடு அருகில் அமர்ந்திருப்பான். எது கார்புரேட்டர், எது கிளட்ச் கேபிள் என்று அவனுக்கு இப்போது தெரியும். அந்த எஞ்சினின் ஒலியை மட்டும் அவன் இன்னும் கேட்டதில்லை.