புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஜகாத் கூடுமா?

ரமலான் நெருங்கியதும் இக்கேள்வி வருகிறது. சட்டம் தெளிவானதே. ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரை அல்லாஹு தஆலா 'தவ்பா' அத்தியாயத்தின் 60ஆம் வசனத்தில் எண்ணிக் கூறிவிட்டான். அதை ஏழையின் கையில் சேர்த்து அவருக்கே உடைமையாக்க வேண்டும். இதனையே 'தம்லீக்' என்கிறார்கள். பள்ளிவாசல் கட்டவும், மய்யித்துக்குக் கஃபன் வாங்கவும் ஜகாத் பணம் ஆகாதென்பது இதனால்தான். ஆராய்ச்சிக் கூடத்தில் அப்படிப் பெற்றுக்கொள்ளும் கை இல்லை. 'அல்லாஹ்வின் பாதை' என்பதை விரித்து இதையும் சேர்க்கும் இக்கால உலமாக்கள் சிலர் உண்டு. நான் அப்பக்கம் சாயவில்லை.

நோயாளியின் நிலை வேறு. நேற்றுவரை ஜகாத் கொடுத்த வீட்டையே இந்நோய் ஜகாத் வாங்கும் வீடாக்கிவிடுகிறது. நகைகள் அடகுக்குப் போகின்றன. கதிர் சிகிச்சைக்கு வாரக்கணக்கில் அன்றாடம் போக வேண்டும். பட்டணத்தில் அறை வாடகை, சாப்பாடு, துணைக்கு வந்தவரின் கூலி இழப்பு என்று கடன் ஏறுகிறது. இவர் ஃபகீர் அல்லது கடனாளி. தாராளமாகக் கொடுங்கள். "இது ஜகாத்" என்று வாயால் சொல்ல வேண்டியதுகூட இல்லை, நிய்யத் நெஞ்சில் இருந்தால் போதும். கொடுப்பதைப் படம் பிடித்துப் பரப்புவோர் அல்லாஹ்வை அஞ்சட்டும்!

ஆனால், ஆராய்ச்சிக்கு ஜகாத் ஆகாது என்றதும் பலர் நிம்மதியாகப் பணப்பையை மூடிவிடுகிறார்களே, ஏன்? ஜகாத் இரண்டரை சதவீதம்தான். மீதியிலிருந்து கொடுப்பதை யார் தடுத்தார்?

மருந்தில்லாத நோயை அல்லாஹ் இறக்கவில்லை என்பது நாயகம் (ஸல்) அவர்களின் வாக்கின் கருத்து. நம் வாசலிலும் கபரஸ்தானிலும் பூக்கும் நித்தியகல்யாணியைப் பாருங்கள். நீரிழிவுக்கு ஆகுமா என்று 1950களில் கனடாவில் அதை ஆராய்ந்தார்கள். கிடைத்ததோ புற்றுநோய் மருந்து! குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு இன்றும் கொடுக்கப்படும் வின்கிறிஸ்டின் இச்செடியிலிருந்து வந்ததே. செடி நம் காலடியில்தான் கிடந்தது. தேடுவதற்கு ஆளும் பணமும் வேண்டியிருந்தன.

உடன்பிறந்த சகோதரியை இந்நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், பொதுமக்கள் தந்த நன்கொடையைக் கொண்டு, 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கியதுதான் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி. சிகிச்சையோடு ஆராய்ச்சியும் அங்கே நடக்கிறது.

ஸதகத்துல் ஜாரியா என்றால் நமக்கு மினாராவும் கிணறும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. இன்னும் பிறக்காத பிள்ளைக்கான மருந்து அதில் சேராதா? "அங்கே பிற சமயத்தாரும் பயன் பெறுவார்களே" என்பார் சிலர். பெறட்டுமே! நஃபிலான ஸதகாவை அவர்களுக்கும் கொடுக்கலாம் என்று நம் ஃபிக்ஹு கிதாபுகளிலேயே இருக்கிறது.