அரங்கில் சிந்தும் கண்ணீர்

துன்பத்தை நேரில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அதே துன்பம் இராக தாளத்தோடு மேடையேறினால் இரவெல்லாம் விழித்திருந்து கேட்கிறோம், அழுகிறோம், அழுததிலே ஒரு நிறைவும் கொள்கிறோம். இந்தக் கண்ணீர் இரக்கமா, இன்பமா? இளமையில் கார்த்தேசு நகரின் நாடக அரங்குகளில் தோய்ந்திருந்த புனித அகுஸ்தினார், பிற்காலத்தில் தம் வாழ்வைத் திரும்பிப் பார்த்து எழுதியபோது இதே வினாவைத் தொடுத்தார். மேடைத் துயரம் காண்போரை வருந்த அழைக்கிறதே அன்றி உதவ அழைப்பதில்லை என்பது அவர் கண்ட முரண்.

இசையும் நாடகமும் இணைந்த இடமெல்லாம் இவ்வினா நிழலாய்த் தொடர்கிறது. மேலைநாட்டார் 'ஓப்பரா' என்றழைக்கும் இசைநாடகத்தின் இரு முகங்களும் 1600-ஆம் ஆண்டிலேயே இத்தாலியில் தெரிந்தன. புளோரன்சில் அரச திருமணக் கொண்டாட்டத்திற்காக 'யூரிடிசே' அரங்கேறியது. உரோமையில், புனித பிலிப்பு நேரியின் சபையார் செபக்கூடத்தில், ஆன்மாவும் உடலும் உரையாடும் கவலியேரியின் இசைநாடகம் மனமாற்றத்தை நாடி அரங்கேறியது. 1786-இல் வியன்னாவில் மோட்சார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்' வந்தது. வேலைக்காரன் எசமானை வெல்லும் அக்கதையை உரைநாடகமாக நடிக்க அந்நகரில் தடை இருந்தது. கூர் சற்றே மழுக்கப்பட்டு இசையோடு வந்தபோது அனுமதி கிடைத்தது. எசமானர்களும் அமர்ந்து சுவைத்தனர். அவர்கள் வீட்டு வேலைக்காரரின் நிலை மறுநாளே மாறிவிடவில்லை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். நாம் வாழும் திருநின்றவூர் பூசலார் நாயனாரின் ஊர். கோயில் எழுப்பப் பொருளில்லாத அவர், மனத்துக்குள்ளேயே ஒரு கோயிலைக் கட்டி முடித்தார் என்று பெரியபுராணம் கூறும். அந்நூல் போற்றும் மற்றோர் அடியார் திருநாளைப்போவார் என்னும் நந்தனார். பூசலார் கோயில் கட்ட இயலாதவர்; நந்தனாரோ கட்டி நின்ற கோயிலுக்குள் நுழையப் பிறப்பால் தடுக்கப்பட்டவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் 'நந்தனார் சரித்திரம்' என்னும் இசைநாடகத்தை இயற்றினார். சேக்கிழார் பாடாத ஒருவரை அவர் அதில் சேர்த்தார். நந்தனைப் பண்ணையாளாக வைத்திருந்து, சிதம்பரம் போக விடாமல் மறிக்கும் வேதியரே அவர். அந்த ஒருவரின் வருகையால் பக்திக் கதை நீதியின் கதையும் ஆயிற்று. இந்நூலுக்குச் சிறப்புப் பாயிரம் தர மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலில் தயங்கினார். இலக்கணப் பிழைகள் அவரைத் தடுத்தன. பின்னர் பாரதியார் திண்ணையிலிருந்து பாடக் கேட்டு உருகிப் பாயிரம் தந்தார் என்பது உ. வே. சாமிநாதையர் வழியாக நாம் அறிவது. இலக்கணத்தின் கதவை இசை திறந்தது. சாதியின் கதவையும் திறந்ததா?

தஞ்சைத் தரணியில் நிலமுடையோரும் நந்தனுக்காகக் கண்ணீர் விட்டனர். ஆயினும் அவர்தம் வயல்களில் நந்தனின் மக்கள் பண்ணையாட்களாகவே இருந்தனர். மதுரை மீனாட்சியம்மன் கோயில் அம்மக்களுக்குத் திறந்தது 1939-இல். அதற்குப் பின்னும், 1968 டிசம்பர் 25 இரவு, நாம் பாலனின் பிறப்பைப் பாடிக்கொண்டிருந்த அதே இரவில், நாகைப் பகுதியின் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட உழைப்பாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டனர். மேடையில் நந்தன் தீப்புகுந்தபோது அழுத மண் அது.

பிறரைச் சுட்டி நாம் தப்பிவிட முடியாது. வடக்கன்குளம் ஆலயத்தினுள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் வீழ்ந்தது. அச்சுவரின் இரு பக்கத்தாரும் தவக்காலந்தோறும் ஆண்டவரின் ஒரே பாடுகளைக் கேட்டு அழுதவர்களே! சில ஊர்களில் கல்லறைத் தோட்டங்கள் இன்றும் பிரிந்தே கிடக்கின்றன.

அப்படியானால் பாட்டு வீணா? அன்று. அடுத்தவன் துயரத்தை நம் மூச்சுக்குள் கொண்டுவந்து வைப்பது பாட்டு. கல்லான நெஞ்சில் அது முதல் விரிசலை உண்டாக்கும். ஆனால் விரிசல் வழியே விதை விழ வேண்டும். விதை முளைக்க வேண்டும். உருகுவதே அறம் என்று எண்ணி எழுந்துபோகிறவன், கடன் வாங்கிய கண்ணீரைத் திருப்பித் தராதவன்.

மாயூரத்தில் முன்சீபாகப் பணியாற்றிய கத்தோலிக்கர் வேதநாயகம் பிள்ளை, 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் பசித்தோர்க்குத் தம் பொருளைக் கொண்டு கஞ்சி வார்த்தார். அவரை வாழ்த்திப் பாடியவர் நந்தனைப் பாடிய அதே கோபாலகிருஷ்ண பாரதியார். சைவர் ஒருவரின் பாட்டும் கிறிஸ்தவர் ஒருவரின் கஞ்சியும் அங்கே சந்தித்தன. வேதநாயகரும் கீர்த்தனைகள் இயற்றியவரே. ஆயினும் பாட்டோடு நின்றுவிடவில்லை.

சிலுவைப்பாதையின் எட்டாம் நிலையில், தம்மைக் கண்டு புலம்பிய எருசலேம் பெண்களிடம், தமக்காக அழ வேண்டாம், உங்களுக்காகவும் உங்கள் பிள்ளைகளுக்காகவும் அழுங்கள் என்கிறார் இயேசு. கண்ணீரை அவர் வெறுக்கவில்லை. அதற்குத் திசை காட்டினார். பாஸ்கா நாடகம் கண்டு வீடு திரும்பும் வழியில் நாம் யாரைக் கடந்து செல்கிறோம் என்று பார்ப்போம். அங்கே நின்றால், நம் கண்ணீர் இரக்கமே.